ஆறு கதவு

கண்டனூரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு
இந்தத் தெருவில் ஒரு வாசல், அடுத்த தெருவில் ஒரு வாசல்.
எங்களுக்குப் பின்வாசல்.
கடைசிக் கட்டில் இரண்டு அறை, ஒரு குழாய்,
மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
மற்றதெல்லாம் பூட்டு.
பங்காளிகள் பதினோரு பேர்,
ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வழக்கு என்பார் சாத்தையா,
சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுக்காமலே.

பந்து உருண்டுபோய் எந்தக் கதவில் முட்டினாலும்
"அங்க போகாத" என்பேன்.
குகன் முதன்முதலில் முழுசாகப் பேசிய வாக்கியமும் அதுதான்.
பூனையைப் பார்த்துச் சொன்னான்.

ஆவணி வெள்ளிக்கிழமை.
காரைக்குடியில், கழனிவாசல் தாண்டி
அறுநூறு சதுர அடி.
சின்னவனுக்கு இருபத்தைந்து வயதாகும்போது கடன் முடியும்.
குட்டியானையில் இரண்டு நடை சாமான்.
பெட்டிகளில் எழுதும் வேலை பெரியவன் செந்தூரனுக்கு.
மூன்றாம் வகுப்புக் கையெழுத்து:
"உடையும்", "உடையாது", "உடைஞ்சிருச்சு",
"அப்பா பேப்பர்", "அம்மா தேடுவாங்க".

ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம்.
அதற்குப் பிறகு ராகு காலம்.
அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது,
பால் பாக்கெட் வியர்த்துக்கொண்டிருக்கிறது.
ரெகுலேட்டர் இல்லை.
"உடையாது"வில் இல்லை. "அம்மா தேடுவாங்க"வில்
என் பழைய செருப்பு இருந்தது.

பிறகுதான் பார்த்தேன்,
சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறைக் கதவில்
நேற்றுவரை இல்லாத ஒரு பூட்டு.
கைப்பிடி அளவு, பச்சை ஏறிய பித்தளை.
மாட்டுக்கொட்டாய்க் கதவில்
வருஷக்கணக்காக வாய் பிளந்து தொங்கியது அது.
"சாவி எங்கடா?"
"அதுக்குச் சாவியே கிடையாதும்மா"
என்றான் பெரியவன், பெருமையாக.
"உள்ள என்ன இருக்கு?"
"மூணு பெட்டி வச்சோம். சும்மா இருந்தா பூட்டு மாதிரி இருக்காதுல்ல."

கை ஓங்கிவிட்டேன்.
சின்னவன் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றான்.
"வீடுன்னா ஒரு ரூமாச்சும் பூட்டியிருக்கணும்லம்மா.
இங்க எல்லாமே தொறந்து கெடக்கு."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

சேவுகன் திருப்புளி தேடினார்.
அதுவும் உள்ளே.
பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்தார்,
அவர்களோடு பேசிய முதல் பேச்சே அதுதான்:
"புது வீடு. ஒரு கதவ ஒடைக்கணும்."
பூட்டு அசையவில்லை.
கொண்டி பிய்ந்து வந்தது, நாலு திருகாணியோடு,
நேற்று அடித்த வார்னிஷோடு.

பத்து மணி பத்து.
ரெகுலேட்டர் பொருந்தி, அடுப்பு பிடித்து, பால் வைத்து
நாலு பேரும் குனிந்து நின்றோம்.
குகன் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான்.
மூக்கைத் துடைக்க அவனைத் திருப்பிய நேரத்தில்
பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்தது.
கிழக்கே வழிந்ததா வடக்கேயா
யாரும் பார்க்கவில்லை.
கிழக்கு என்று வைத்துக்கொண்டோம்.

மத்தியானம் சாத்தையாவுக்குப் போன் போட்டேன்,
பூட்டு எங்களோடு வந்துவிட்டது என்று.
"எத்தனை?" என்றார்.
ஒன்று என்றேன்.
"நல்லவேளை" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும்
ஆறு கதவையும் திறந்து திறந்து சாத்தினார்கள்.
சொல்லாமல் ஒரு அறைக்குள் போவது,
சொல்லாமல் வெளியே வருவது.
நடுவில் ஒருமுறை குளியலறைக்குள்ளிருந்து
"இங்கயும் போகலாம்டா!" என்று சத்தம்.

இப்போது தூங்குகிறார்கள்.
ஒருத்தன் கால் இன்னொருத்தன் கழுத்தில்.
தலைமாட்டில் அந்தப் பூட்டு,
எதையும் பூட்டாமல் பூட்டியபடி.
கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தேன்.
சாமான் அறைக் கதவு மட்டும் நிற்கவில்லை,
ஃபேன் காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்கிறது.
ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்,
அட்டையில் "உடைஞ்சிருச்சு" என்றிருந்தது.
எடுத்துவிட்டேன்.

பால் பாத்திரம் அடிப்பிடித்திருக்கிறது.
காலையில் ஊறவைக்க வேண்டும்.